நூல் தானே இறங்கும் ஊசி: வயதானவர்களுக்கு வாங்கிக் கொடுக்கலாமா?

கேள்வி, 3 ஜூலை 2023

அம்மாவுக்கு 67 வயது. திருச்சியில் வீட்டிலிருந்தே பிளவுஸுக்குக் கொக்கி வைப்பது, எம்மிங், புடவைக்கு ஃபால்ஸ் தைப்பது என்று இன்னும் வேலை எடுத்துச் செய்கிறார். தையல் கை மாறவில்லை, நூல் கோப்பதுதான் முடியவில்லை. பேத்தி பள்ளிக்கூடம் விட்டு வரும்வரை துணியை மடித்து வைத்துவிட்டுக் காத்திருக்கிறார். காதுக்கு மேலே பிளவு விட்ட ஊசி ஒன்று, நூலை வைத்து அழுத்தினால் தானே இறங்கிவிடும் என்று விளம்பரத்தில் பார்த்தேன். உண்மையிலேயே உழைக்குமா, இல்லை ஏமாற்றா? கையால் தைக்கிறவர்கள் சொல்லுங்கள்.

3 ஜூலை, இரவு

ஏமாற்று இல்லை தம்பி, வாங்கிக் கொடுங்கள். ஆனால் அதை மட்டும் வாங்கிக் கொடுத்துவிட்டு வேலை முடிந்தது என்று இருக்காதீர்கள்.

நானும் மதுரையில் கைத்தையல்தான் செய்கிறேன். கொக்கி, எம்மிங், ஃபால்ஸ், முந்தானைக் குஞ்சம். ஐம்பதைத் தாண்டியபின் எனக்கும் ஊசிக்காது மறையத் தொடங்கியது. பிளவு ஊசி என் டப்பாவில் எப்போதும் இருக்கும். அதன் தலையை உற்றுப் பார்த்தால் இரண்டு சின்ன முனைகள் தெரியும். நடுவில் வி வடிவத்தில் ஒரு பள்ளம். பள்ளத்தின் அடியில் மயிரிழைப் பிளவு, அதற்குக் கீழே வழக்கமான காது. ஊசியைப் பின்குஷனிலோ ஒரு சோப்புக் கட்டியிலோ நிமிர்த்திக் குத்திவிட்டு, நூலை இரண்டு கையாலும் விறைப்பாகப் பிடித்துப் பள்ளத்தில் வைத்துக் கீழ்நோக்கி அழுத்த வேண்டும். டிக்கென்று ஒரு சின்ன அதிர்வு விரலுக்குத் தெரியும். நூல் உள்ளே போய்விட்டது என்று அர்த்தம். இதற்குக் கண்ணே வேண்டாம். பார்வையில்லாதவர்கள் தைப்பதற்கும் இந்த ஊசி உண்டு.

நூல் தளர்ந்திருந்தால் இறங்காது. முதல்முறை வாங்குகிறவர்கள் தடுமாறுவது அங்கேதான். ஒற்றைக் கையில் ஊசியையும் மறு கையில் நூலையும் பிடித்துக்கொண்டு வழக்கம்போல முயன்றுவிட்டு, இது ஆகாது என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள். ஊசியை எதிலாவது குத்தி நிறுத்திவிட்டால் பாதி வேலை முடிந்தது.

4 ஜூலை

குறைகளையும் சொல்லிவிடுகிறேன், நேற்று நேரமாகிவிட்டது.

நூல் எந்த வழியாக உள்ளே வந்ததோ அதே வழியாக வெளியேயும் போகும். கெட்டித் துணியில் ஊசியை வெடுக்கென்று இழுத்தால் நழுவிவிடும். நூலின் வாலை ஊசியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு தைத்தால் பெரும்பாலும் நிற்கும். அடுத்தது, பிளவின் விளிம்பு நூலைத் தேய்க்கும். அதனால் ஒரு முழத்துக்கு மேல் நூல் எடுக்கக் கூடாது. முழம் முடிந்ததா, வெட்டி வேறு நூல் போடுங்கள். அதுதான் சுலபமாகிவிட்டதே!

வேலை முடிந்ததும் நூலை மேலே பிளவு வழியாகப் பிடுங்கவே கூடாது. பிளவு அகலமாகிவிடும், அப்புறம் அந்த ஊசியில் எதுவும் நிற்காது. காதுப்பக்கம் வெட்டிவிட்டுப் பக்கவாட்டில் உருவ வேண்டும்.

தலையில் இரண்டு முனை இருப்பதால் தள்ளும் விரலைக் குத்தும். திம்பிள், அதாவது விரல்நுனியில் மாட்டும் உறை, போடாமல் தைத்துப் பழகிய கைக்கு இது பெரிய தொந்தரவு. திம்பிள் சேர்த்தே வாங்கிவிடுங்கள்.

4 ஜூலை, மாலை

எந்த எண் ஊசி, எந்தத் துணிக்கு என்று கோவையிலிருந்து கேட்டவருக்கு: எண் கூடக்கூட ஊசி மெலியும். 4 தடிமன், 10 மெல்லியது. பிளவு ஊசி பெரும்பாலும் 4 முதல் 8 வரை கலந்த பாக்கெட்டாகத்தான் வரும். அதனால் பருத்தி, பாலிகாட்டன், பட்டன், ஃபால்ஸ் இதற்கெல்லாம் தாராளமாக எடுக்கலாம். பட்டுக்கும் ஜார்ஜெட்டுக்கும் வேண்டாம். தலை அகலம், துணியில் துளை நிற்கும், இழை பிடித்து இழுக்கும். வாடிக்கையாளர் கொடுத்த பட்டுப்புடவையில் இழை இழுபட்டால் யார் பதில் சொல்வது?

ஆறு இழை எம்ப்ராய்டரி நூலும் இதில் சரிப்படாது. பாதி இழை உள்ளே இறங்கும், பாதி மேலேயே நிற்கும். ஜரிகை நூல் பிய்ந்தே போகும்.

8 ஜூலை

ஊசியை விட்டுவிட்டுக் கொஞ்சம் கண்ணாடிப் பேச்சு. இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும் என்று இரண்டு நாளாக மனசில் ஓடிக்கொண்டிருக்கிறது, ஏனென்றால் பாதிப் பேருக்குப் புது ஊசியே தேவைப்படாது.

நாற்பதுக்கு மேல் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் இறுகிப்போய், கிட்டத்தில் இருப்பதைப் பார்க்கத் தேவையான அளவுக்கு வளைந்து கொடுக்காது. அதுதான் வெள்ளெழுத்து. அதற்குக் கொடுக்கும் படிக்கிற கண்ணாடி ஒரு குறிப்பிட்ட தூரத்துக்குத்தான் சரியாக இருக்கும். கணக்கு எளிது: 100-ஐ பவரால் வகுத்தால் சென்டிமீட்டரில் தூரம் வரும். லென்ஸின் வளைவு முழுக்கப் போய்விட்ட கண்ணுக்கு ப்ளஸ் 2.5 கண்ணாடி 40 சென்டிமீட்டரில் தெளிவு. ப்ளஸ் 4 என்றால் 25 சென்டிமீட்டர். தூரத்தில் இருப்பதைப் பார்க்கத் தனி பவர் இருந்தால் அதையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும், அதைக் கண்ணாடிக் கடையில் சொல்வார்கள்.

இப்போது அம்மா என்ன செய்கிறார் என்று பாருங்கள். காது தெரியவில்லை என்றதும் ஊசியை மூக்குக்கிட்டே கொண்டு வருவார். எல்லாரும் அதைத்தான் செய்வோம், சின்ன வயதில் அப்படித்தானே தெரிந்தது. ஆனால் 40-இல் தெளிவாகத் தெரியும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு 20-க்குக் கொண்டு வந்தால் இன்னும் மங்கத்தான் செய்யும். தள்ளிப் பிடித்தால் தெரியும். 'தள்ளிப் பிடித்தால் சின்னதாகத் தெரிகிறதே' என்பார். சின்னதாகத் தெரிந்தாலும் விளிம்பு தெளிவாக இருந்தால் நூல் போகும்.

மேலும் கீழுமாக இரண்டு பவர் உள்ள கண்ணாடி என்றால் இன்னொரு சிக்கல். கிட்டத்தில் பார்ப்பதற்கான பவர் கீழ்ப்பாதியில் இருக்கிறது. ஊசியை வெளிச்சத்துக்கு நேரே முகத்துக்கு உயர்த்தினால் மேல்பாதி வழியாக, அதாவது தூரத்துக்கான பவர் வழியாகப் பார்க்கிறோம். எப்படித் தெரியும்? ஊசி நெஞ்சுக்குக் கீழே இருக்க வேண்டும், தலையைக் குனியாமல் கண்ணை மட்டும் தாழ்த்திப் பார்க்க வேண்டும். நடுவில் கோடு இல்லாமல் பவர் படிப்படியாக மாறும் புரோகிரசிவ் கண்ணாடிக்கும் இதேதான்.

தையலுக்கென்றே ஒரு தனிக் கண்ணாடி போட்டுக்கொள்வது நல்லது. கண் பரிசோதனைக்குப் போகும்போது ஊசியையும் நூலையும் கையோடு கொண்டுபோய், இந்தத் தூரத்தில் வைத்துத்தான் வேலை செய்கிறேன் என்று உட்கார்ந்து காட்டச் சொல்லுங்கள். நான் அப்படித்தான் செய்தேன்.

8 ஜூலை, இரவு

வெளிச்சம் விட்டுப்போயிற்று. வயதானால் கண்மணி சுருங்கும், லென்ஸ் மஞ்சளடிக்கும். 20 வயதில் விழித்திரைக்குப் போன வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் 60 வயதில் போகும். பேத்திக்குப் போதுகிற டியூப்லைட் பாட்டிக்குப் போதாது. ஜன்னலுக்குப் பக்கவாட்டில் உட்கார வேண்டும், கூடவே மேசை விளக்கு.

ஊசிக்குப் பின்னால் ஒரு வெள்ளைத் தாள் வைத்து, விளக்கை அந்தத் தாள்மேல் திருப்புங்கள். காது ஒரு வெள்ளைப் பொட்டாகத் தெரியும். வெள்ளை நூல் என்றால் தாளுக்குப் பதில் கருநீலத் துணி.

12 ஜூலை

"எச்சில் தொட்டு முறுக்கினால் போதாதா, இதற்கு இவ்வளவா?" என்று கேட்டவருக்கு.

எச்சில் தொட்டால் பருத்தி நூல் ஊறிப் பருத்துவிடும். முறுக்கும்போது கூராகிறது, காதுக்குள் நுழையும்போது நுனி விரிந்து மடங்கிவிடுகிறது. அதற்குத் தேன்மெழுகு எவ்வளவோ மேல். நூல் நுனியை மெழுகில் ஒரு இழு இழுத்து, நல்ல கத்திரியால் சாய்வாக வெட்டினால் விறைப்பாக நிற்கும். மழுங்கிய கத்திரியால் வெட்டினால் நுனி பிசிறடிக்கும். பல்லால் கடித்தாலும் அதே கதைதான்.

அப்புறம் நூலை ஊசிக்குள் நுழைக்க முயலவே வேண்டாம். ஊசியை நூல்மேல் இறக்குங்கள். இடது கைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நூலைப் பிடித்து, நுனி வெளியே தெரியாத அளவுக்கு உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். விரல்களைக் கொஞ்சம் தளர்த்தினால் இடுக்கில் நூல் ஒரு புள்ளியாகத் தெரியும். ஊசிக்காதை அந்தப் புள்ளிமேல் வைத்து அழுத்திக்கொண்டே விரலை மெல்ல விரித்தால் நூல் காதுக்குள் எழும்பும். நூல் வளைந்துகொள்ள இடமே கிடையாது, அதனால்தான் போகிறது. கை நடுங்குகிறவர்களுக்கும் இது வரும், இரண்டு கையும் ஒன்றையொன்று தாங்கிக்கொள்வதால்.

தடித்த நூலுக்கு: நூலை ஊசியின் உடம்பில் மடித்துப் போட்டு இறுக்கி, அந்த மடிப்பை விரலால் நசுக்கிப் பிடித்துக்கொண்டு ஊசியை உருவிவிடுங்கள். நசுங்கிய மடிப்பைக் காதில் அழுத்தினால் போய்விடும்.

13 ஜூலை

ஒன்று மறந்தேன். கோக்க வரவில்லை என்றால் ஊசியைத் திருப்பிப் பிடித்து மறுபக்கத்திலிருந்து முயலுங்கள். காது அச்சில் அடித்துத் துளைப்பது. ஒரு பக்கம் வழுவழுப்பாகவும் மறுபக்கம் கொஞ்சம் கரடாகவும் அமைந்துவிடுவது உண்டு.

20 ஜூலை

ஊசி எப்படிச் செய்கிறார்கள் என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். தலைப்பை விட்டு விலகுகிறது, பரவாயில்லை, எனக்குப் பிடித்த விஷயம்.

எஃகுக் கம்பியை இரண்டு ஊசி நீளத்துக்கு வெட்டுவார்கள். இரண்டு முனையையும் கூராக்கிவிட்டு நடுவில் இரண்டு காதை அடுத்தடுத்து அச்சில் அடித்துத் துளைப்பார்கள். பிறகு நடுவில் ஒடித்தால் இரண்டு ஊசி. தலையைத் தேய்த்துச் சீராக்கி, சூடாக்கிக் கடினமாக்கி, ஒடியாமல் இருக்கப் பதம் பண்ணி, மெருகு போடுவார்கள். இந்த வேலைக்கு உலகப் பெயர் பெற்ற ஊர் இங்கிலாந்தில் இருக்கும் ரெட்டிச். அங்கே ஊசிக்கென்று ஒரு அருங்காட்சியகமே இருக்கிறது. ஜப்பானில் ஹிரோஷிமா.

நம் கையில் இருக்கும் போனி என்ற பெயர் போட்ட ஊசி நீலகிரியில் கேத்தி பக்கத்து எல்லநள்ளியில் செய்வது. ரெட்டிச்சுக்கு அருகே இருக்கும் ஸ்டட்லி ஊர் நிறுவனத்தின் துணை நிறுவனமாக 1949-இல் தொடங்கியது. பங்கு யார் கையில் என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1981-இல் தீர்ப்பானது, சட்டம் படிக்கிற பிள்ளைகளுக்கு இன்றைக்கும் அது பாடம். மேட்டுப்பாளையத்திலிருந்து போகும் மலை ரயில் கேத்தியில் நிற்கும். ஊட்டிக்குப் போகிறவர்களில் எத்தனை பேருக்குத் தங்கள் வீட்டு ஊசி இந்த மலையில் பிறந்தது என்று தெரியும்?

21 ஜூலை

சரி, திரும்ப வருவோம். பட்டுக்குப் பிளவு ஊசி வேண்டாம் என்றால் வேறென்ன என்று தம்பி கேட்டிருக்கிறார்.

எம்ப்ராய்டரி ஊசி. சாதாரணத் தையல் ஊசியும் எம்ப்ராய்டரி ஊசியும் ஒரே எண் என்றால் ஒரே தடிமன்தான், ஆனால் எம்ப்ராய்டரி ஊசிக்குக் காது நீளம். 9 அல்லது 10-ஆம் எண் எடுத்தால் பட்டில் துளை தெரியாது, காதும் கண்ணுக்கு அகப்படும். காதுக்குத் தங்க நிற முலாம் பூசியதும் கிடைக்கிறது, வெளிச்சத்தில் மின்னுவதால் தேடுவது எளிது.

என்னைக் கேட்டால் வயதானவர் கையில் முதலில் கொடுக்க வேண்டியது இதுதான். பழகிய ஊசி, பழகிய பிடி, தையல் மாறாது.

2 ஆகஸ்ட்

நூல்கோப்பான் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டீர்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பெண்முகம் அச்சடித்த தகரத்துண்டில் வைர வடிவக் கம்பி மாட்டியது எல்லாருக்கும் தெரியும். மலிவு, ஒரு டீ விலைக்கு இரண்டு மூன்று வரும். கம்பி தகரத்தோடு சேரும் இடத்தில் கழன்றுவிடும். இழுக்கும்போது தகரத்தைப் பிடிக்காமல் கம்பியின் அடியைப் பிடித்து இழுத்தால் கூடுதலாக உழைக்கும். ஆனால் கம்பியைக் காதுக்குள் விடுவதற்கே கண் வேண்டுமே! அதுதான் இதன் குறை. 10-ஆம் எண் ஊசியில் சில கம்பிகள் நுழையவே நுழையாது.

மேசையில் வைக்கும் விசை வகை வேறு. ஒரு குழியில் ஊசியைத் தலைகீழாக, காது கீழே இருக்கும்படி போட வேண்டும். பக்கத்தில் இருக்கும் பள்ளத்தில் நூலைக் குறுக்கே கிடத்தி விசையை அழுத்தினால், உள்ளிருந்து ஒரு மெல்லிய கம்பி நூலைக் காது வழியாகத் தள்ளிவிடும். ஊசியை மேலே எடுத்தால் பின்பக்கம் நூல் கண்ணியாக நிற்கும், அதை இழுத்துக்கொள்ள வேண்டியதுதான். எந்த ஊசி என்றாலும் தையல் மாறாது என்பதால் எனக்கு இது பிளவு ஊசியைவிடப் பிடிக்கும். ஜப்பானின் க்ளோவர் நிறுவனம் செய்வது நன்றாக உழைக்கிறது. அதைப் பார்த்துச் செய்த மலிவுப் பிளாஸ்டிக் வகைகளில் உள்கம்பி சீக்கிரம் வளைந்துவிடும், தடித்த நூல் போட்டால் உடனே.

நூல் போகவில்லை என்றால் ஊசியைக் குழியிலேயே கொஞ்சம் திருப்பிவிட்டு மறுபடி அழுத்துங்கள். காது சரியான திசையில் நிற்காததுதான் காரணம்.

3 ஆகஸ்ட்

ஆரி ஊசிக்கு மாறிவிடலாமே என்ற யோசனைக்கு: ஆரியில் நூல் கோக்க வேண்டாம் என்பது உண்மை. கொக்கி முனை துணிக்குக் கீழேயிருந்து நூலை எடுத்துக்கொள்ளும். ஆனால் அது சட்டத்தில் இழுத்துக் கட்டிச் செய்யும் பூவேலை. கொக்கி வைக்கவும் எம்மிங் போடவும் அதனால் ஆகாது.

6 ஆகஸ்ட்

பேத்தி கோத்துக் கொடுப்பதைப் பாட்டி விரும்புகிறாள், அதைக் கெடுக்க வேண்டாம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அழகான எண்ணம். கெடுக்கவே வேண்டாம். காலையில் பள்ளிக்குக் கிளம்பும் முன் பேத்தி ஒரே நூல்கண்டில் பத்துப் பன்னிரண்டு ஊசியை வரிசையாகக் கோத்துவிடட்டும். பாட்டி ஒரு முழம் நூலை இழுக்கும்போது முதல் ஊசியை மட்டும் கூடவே இழுத்துக்கொண்டு, மற்றதைக் கண்டுப் பக்கம் தள்ளிவிட்டு வெட்ட வேண்டும். அடுத்த நூலுக்கு அடுத்த ஊசி. வெட்டிய பிறகு கண்டில் மிஞ்சும் நுனியில் ஒரு முடிச்சுப் போட்டு வைத்தால் ஊசிகள் நழுவாது. கறுப்பு, வெள்ளை, அன்றைக்கு வேலைக்குரிய நிறம் என்று மூன்று கண்டு போதும்.

ஆனாலும் பிளவு ஊசி ஒரு பாக்கெட் கூடவே இருக்கட்டும். கோத்தது தீர்ந்துபோகும் நேரத்துக்கும், பேத்திக்குப் பரீட்சை வரும் நேரத்துக்கும். ஒரு ஆள் தன் கைத்தொழிலுக்கு இன்னொருவர் வரும்வரை உட்கார்ந்திருப்பது எவ்வளவு பாரம் என்று எனக்குத் தெரியும். துணி மடியில் இருக்கும், வாடிக்கையாளர் சாயங்காலம் வருகிறேன் என்று சொல்லியிருப்பார், ஒரு நூல் கோக்க ஆள் இருக்காது.

14 செப்டம்பர்

தம்பி எழுதியிருப்பது கொஞ்சம் கவலையாக இருக்கிறது. கண்ணாடி மாற்றியும் அம்மாவுக்கு விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் தெரிகிறது, ஒரு நாள் நன்றாகவும் ஒரு நாள் மங்கலாகவும் தெரிகிறது என்கிறீர்கள். ஊசியை ஓரமாக வைத்துவிட்டு முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். ஒளிவட்டம் கண்புரையாக இருக்கலாம், கண் அழுத்தமாகவும் இருக்கலாம். நாளுக்கு நாள் மாறுவது சர்க்கரை ஏறி இறங்குவதாலும் வரும். சர்க்கரை கட்டுக்குள் வருவதற்குமுன் கண்ணாடி பவர் பார்த்தால் அது நிலைக்காது.

புரை அறுவை செய்துகொண்டால் உள்ளே வைக்கும் சாதாரண லென்ஸ் பெரும்பாலும் தூரத்துக்குத்தான் அமைத்திருப்பார்கள். கிட்டத்துக்குக் கண்ணாடி கட்டாயம் வேண்டும். இது தெரியாமல் 'ஆபரேஷன் பண்ணியும் ஊசி தெரியவில்லையே' என்று ஒடிந்துபோகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கண் ஆறி நிலைப்பட ஒரு மாதம் போல ஆகும், அதன் பிறகுதான் பவர் பார்ப்பார்கள். அதுவரை பெரிய வேலை எடுக்க வேண்டாம்.

கண்ணாடியெல்லாம் செலவு என்று அம்மா தட்டிக்கழித்தால் இதைச் சொல்லுங்கள். அசாமில் நாற்பது தாண்டிய தேயிலைத் தொழிலாளர்களுக்கு கிட்டத்தில் பார்க்க உதவும் வெறும் கண்ணாடி கொடுத்துப் பார்த்த ஆய்வு 2018-இல் வெளிவந்தது. கண்ணாடி போட்டவர்கள் பறித்த இலை, போடாதவர்களைவிட ஏறக்குறைய 22 சதவீதம் கூடுதலாக உயர்ந்தது. இலை பறிப்பதற்கே இப்படி என்றால் எம்மிங்குக்கு?

3 நவம்பர்

அம்மாவுக்குப் புரை அறுவை நல்லபடியாக முடிந்தது என்று படித்தேன். ரொம்ப சந்தோஷம்.

பிளவு ஊசிக்கு இன்னொரு உபயோகம், இதை யாரும் எழுதவில்லை. தைத்து முடிக்கும்போது நூல் குட்டையாகப் போய் முடிச்சுப் போட முடியாமல் நிற்குமே, அப்போது வெறும் ஊசியை முதலில் துணிக்குள் செருகி, தலை மட்டும் வெளியே நிற்கும்படி விட்டு, குட்டை நூலைப் பிளவில் அழுத்தி இழுத்துவிடலாம். விரற்கடை நூல் இருந்தாலே போதும். இளவயதுக்காரர்களும் இதற்காகவே ஒரு பாக்கெட் வைத்துக்கொள்ளலாம்.

5 நவம்பர்

விழுந்த ஊசி: ஒரு காந்தம். பழைய ஸ்பீக்கரில் இருப்பதுகூடப் போதும். சர்க்கரையால் விரல் மரத்துப்போனவர்கள் தரையைக் கையால் தடவித் தேடவே கூடாது.

19 ஜனவரி 2024

எங்கே வாங்குவது என்று மதுரைக்காரர் ஒருவர் கேட்டிருந்தார். மீனாட்சி கோயிலுக்கு எதிரே புதுமண்டபத்தில் இருந்த கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன, தையல் சாமான் அங்கே கேட்டுப் பாருங்கள். ஆன்லைனில் வாங்குவதைவிடக் கடையில் பார்த்து வாங்குவது நல்லது என்பேன். ஆன்லைனில் ஒரு விற்பனையாளரிடம் நான் வாங்கிய பாக்கெட்டில் பாதி ஊசியின் பிளவு நூலை வெட்டிவிட்டது.

கடைக்குப் போகும்போது ஒரு துண்டு பாலியெஸ்டர் நூலைக் கையோடு கொண்டுபோங்கள். பாக்கெட்டிலிருந்து ஒரு ஊசியை எடுத்து நூலைப் பிளவில் இறக்கி, காதுக்குள் முன்னும் பின்னும் நாலைந்து தரம் இழுங்கள். பிறகு நூலை வெளிச்சத்தில் பாருங்கள். பிசிறு கிளம்பியிருந்தால் அந்தப் பாக்கெட் வேண்டாம். பிசிறு இல்லை என்றால் ஊசியைத் தலைகீழாகப் பிடித்து நூலை லேசாகச் சுண்டிப் பாருங்கள், கழன்று வராமல் நிற்க வேண்டும். அந்த இரண்டும் சரியாக இருந்தால் எந்தப் பெயர் அச்சடித்திருந்தாலும் வாங்கலாம்.